ஊறிய தண்ணீருக்கு இன்சூரன்ஸ் கிடையாது

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கம் 2016-இல் கட்டிய 1,100 சதுர அடி தள வீடு. அண்ணன் குடும்பம் சவூதியில் இருப்பதால் வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிறது. போன ஐப்பசி மழையில் ஹால் சீலிங் ஒழுகியிருக்கிறது, சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. வாட்டர்ப்ரூஃபிங் செய்ய 80 ஆயிரம் கேட்கிறார்கள். "அந்தக் காசில் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டுவிட்டால், ஒழுகினால் அவன் தரமாட்டானா?" என்று கேட்கிறார் தம்பி.

தரமாட்டான். வீட்டு இன்சூரன்ஸ் எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, கட்டாயம் எடுங்கள். ஆனால் அது வேறு தண்ணீருக்கு. வீட்டுக்குள் வரும் தண்ணீரில் இரண்டு வகை உண்டு: அடித்து வந்த தண்ணீர், ஊறி வந்த தண்ணீர். புயலில் வந்தது, வெள்ளமாக வந்தது, தொட்டி வெடித்து வந்தது எல்லாம் முதல் வகை. அதற்குத்தான் பாலிசி. தளத்தில் தேங்கி, விரிசலில் இறங்கி, மூன்று வருடம் கழித்து சீலிங்கில் மஞ்சள் வட்டமாகத் தெரிவது இரண்டாவது வகை. அதற்குக் கொத்தனார்தான். கடலோரத்தில் நான் சேத மதிப்பீட்டுக்குப் போன வீடுகளில் முக்கால்வாசி இரண்டாவது வகை. வீட்டுக்காரர் பாலிசியை எடுத்து நீட்டுவார், நான் சீலிங்கைப் பார்ப்பேன், இரண்டு பேருக்கும் சங்கடமாக இருக்கும்.

முதலில் மொட்டை மாடிக்குப் போவோம்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அந்த அளவு மழை உங்கள் 1,100 சதுர அடித் தளத்தில் விழுந்தால் சுமார் 41,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில் மூன்றரை லாரி, உங்கள் தலைக்கு மேல். இதை வெளியேற்ற நம் ஊரில் என்ன வைக்கிறார்கள்? மூன்று அங்குலக் குழாய் இரண்டு. மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழைக்கு ஒரு நாலு அங்குலக் குழாய் ஏறக்குறைய 450 சதுர அடிக்குத்தான் தாங்கும், மூன்று அங்குலம் அதில் பாதிகூடத் தாங்காது. அப்படியென்றால் உங்கள் மாடிக்கு நாலு அங்குலத்தில் மூன்று வேண்டும். இருக்கிற துவாரத்தைப் பெரிதாக்கிக் குழாயை மாற்றுவது இரண்டு நாள் வேலை. வாட்டர்ப்ரூஃபிங் விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார், ஏனென்றால் குழாய் அவர் சரக்கில் இல்லை.

குழாய் போதிய அளவில் இருந்தாலும் அதன் வாய் திறந்திருக்க வேண்டும். இதை ஊருக்கே உபதேசம் செய்கிறவன் நான். என் வீட்டிலேயே ஒரு கார்த்திகை மழையில் கேரி பேக் ஒன்று பறந்து வந்து குழாய் வாயில் ஒட்டிக்கொண்டது. கைப்பிடிச் சுவர் சுற்றி நிற்க மாடி தெப்பக்குளமாகிவிட்டது. தண்ணீர் மாடிப்படி அறைக் கதவின் வாசற்படியைத் தாண்டி, படி படியாக இறங்கி ஹாலுக்கு வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு ஈரக் காலோடு மேலே ஏறி அந்தப் பையை உருவியபோது வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாளே செய்த வேலை, கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து நாலு அங்குல உயரத்தில் இரண்டு இடத்தில் ஓட்டை போட்டதுதான். குழாய் அடைத்தாலும் தண்ணீர் அதற்கு மேல் ஏறாது, வெளியே கொட்டிவிடும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இந்த ஓட்டை ஒரு காவல்காரன் மாதிரி.

அடுத்தது வாட்டம், அதாவது தளத்தின் சரிவு. ஒரு சாயங்காலம் ஹோஸ் போட்டு மாடி முழுக்க நனைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள். எங்கே தேங்கி நிற்கிறதோ அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, கீழே வந்து சீலிங் கறை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றின் கீழ் ஒன்று இருக்கும். நேர்கீழே இல்லாமல் நாலடி தள்ளியிருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், தண்ணீர் கான்கிரீட்டுக்குள் கம்பி வழியே நடந்து போகும். பத்தடிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் சரிவு இருந்தால்தான் தளம் தானாக வடியும். வாட்டம் இல்லாத தளத்தில் எந்தப் பூச்சு அடித்தாலும் அது குளத்துக்கு வெள்ளையடித்த கதைதான். இரண்டு கோடை வெயிலில் பாளம் பாளமாக உரிந்துவிடும்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி, மேலே தட்டோடு பதிக்கிற பழைய முறை இன்றும் மோசமில்லை. தட்டத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் பாடு. கிடைக்காவிட்டால் வாட்டத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டு, அது நன்றாக உலர்ந்த பிறகு பூச்சு, அதன் மேல் வெள்ளை ஓடு என்று போகலாம். எதைப் போட்டாலும் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் சுற்றிலும் வாட்டா (மூலையை மூடும் சாய்வான கலவைப் பட்டை) பிடிக்கச் சொல்லுங்கள். ஒழுகல் தொடங்குவது அந்த மூலையில்தான். அப்புறம் தண்ணீர்த் தொட்டியின் அடி, டிஷ் ஆன்டெனா திருகிய இடம், கொடிக்கம்பி கட்ட நட்ட கம்பி. மாடியை வாடகைக்குக் கேட்டு ஓட்டை போட வருகிற எவரையும் ஏற விடாதீர்கள். இந்த வேலைகளைச் சித்திரை, வைகாசி, ஆனியில் முடியுங்கள். ஐப்பசியில் ஈரத் தளத்தின் மேல் அடிக்கிற பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் பக்கத்து விசேஷம் உப்பு.

வடக்கே பெண் கடல் என்கிற பாக் விரிகுடா, தெற்கே ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா. வருடத்தில் ஆறு மாதம் வடகிழக்கு வாடை, ஆறு மாதம் தென்மேற்குக் கச்சான். எந்தக் காற்று அடித்தாலும் உப்பு வரும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு வெறும் தண்ணீரைவிட உப்புத் தண்ணீர்தான் எமன். துரு பிடித்த இரும்பு தன் பழைய அளவைப்போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை பருக்கும். அத்தனை பருமனுக்கு உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டை அடியில் பிளந்துகொண்டு வரும். முதலில் சீலிங்கில் கம்பி போன வழியே நேர்கோடாக ஒரு விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் ஒரு நாள் மத்தியானம் காரை பெயர்ந்து விழும். விழுகிற துண்டு குழந்தையின் தட்டிலும் விழலாம். இதை வெறும் ஒழுகல் என்று நினைத்துப் பெயிண்ட் அடித்து மறைக்கிறவர்கள் நிறைய.

தட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மண்வெட்டிக் கணை (மரப்பிடி) ஒன்றை எடுத்துச் சீலிங்கை ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் 'டங்' என்று கையைத் திருப்பி அடிக்கும். பிரிந்துவிட்ட இடம் 'பொத்' என்று சொல்லும், காதே பிரித்துச் சொல்லிவிடும். 'பொத்' என்ற இடத்தையெல்லாம் பென்சிலால் சுழித்துவிட்டுக் கொத்தனாரிடம் காட்டுங்கள். சரியான வேலை என்றால் பெயர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம்வரை உளியால் எடுக்க வேண்டும். கம்பி மினுங்கும்வரை துருவைத் தேய்க்க வேண்டும். துருத் தடுப்பு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி இளைத்துப் போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டியிருக்கும், அதைப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பிவிட்டுப் போகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடலோரச் சூழலுக்கு எம் 30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது; கடல் திவலை நேராகப் படும் இடத்துக்கு எம் 35, கவர் 50 மில்லிமீட்டர். நான் பார்த்த வீடுகளில் 20 மில்லிமீட்டர் இருந்தாலே மேஸ்திரிக்கு மாலை போடலாம். கலவைத் தண்ணீரில் உப்பில் இருக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. போர்த் தண்ணீர் வாயில் கரித்தால் கலவைக்கும் வேண்டாம், க்யூரிங்குக்கும் வேண்டாம். தண்ணீர் லாரிக்குக் கொடுக்கிற காசு இருபது வருடம் கழித்துச் சீலிங்கில் திரும்பக் கிடைக்கும்.

சுவர் ஓதம் வேறு கதை. அது மேலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து ஏறுவது. ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்துப் பக்கமும் மழைக்காலத்தில் நிலத்தடித் தண்ணீர் கையெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். பேஸ்மட்டத்தில் ஈரத் தடுப்பு ஒழுங்காகப் போடாத சுவர் விளக்குத்திரி மாதிரி அதை உறிஞ்சும். ஈரம் காய்ந்துவிடும், உப்பு காயாது. வெள்ளையாகப் பூத்து, பூச்சைப் பொரியவைத்து உதிர்க்கும். அந்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து திரும்பவும் சுவருக்குள்தான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி வாரிக் கொட்டுங்கள். பொரிந்த பூச்சை ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரை மூச்சுவிட விடுங்கள். பிறகு சுண்ணாம்புக் கலவை, சிமெண்ட் வேண்டாம். ஆயில் பெயிண்டும் சுவர் டைல்ஸும் ஓதத்தை மறைக்கும், நிறுத்தாது. ஈரம் இன்னும் ஓரடி மேலே ஏறி வேறு இடத்தில் முகம் காட்டும்.

கீழக்கரையில் ஒருமுறை, பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தா காலத்துச் சுவர் அப்படியே இருந்தது. புதிதாகச் சிமெண்ட் பூசிய முன்கட்டு மட்டும் சொறி பிடித்த மாதிரி. "காக்கா, இதை யார் பூசச் சொன்னது?" என்றேன் (அந்த ஊரில் காக்கா என்றால் அண்ணன்). "பழசு பார்க்க நல்லா இல்லைன்னு மகன் போட்டான்" என்றார் வீட்டுக்காரர். அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுக்கவே ஒரு வாரம் ஆனது.

பூட்டிய வீட்டுக்கு வருவோம். கிளம்பும்போது மேல்தொட்டியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கேட் வால்வை அடைத்துவிட்டுப் போங்கள். கழிவறைத் தொட்டிக்குப் போகும் குழாயில் ஒரு சின்ன வாஷர் கிழிந்து ஒரு மாதம் ஓடினால் புயலுக்குச் சமமான சேதம். மோட்டார் தானியங்கியை நம்பி விடாதீர்கள், மெயினையே அணைத்துவிடுங்கள். நிலத்தடித் தொட்டியை மட்டும் காலியாக விடக்கூடாது. நிலத்தடித் தண்ணீர் ஏறினால் காலித் தொட்டி படகு மாதிரி மேலே தூக்கிக்கொண்டு வரும். அதன் மூடி தரையைவிட ஓரடியாவது உயரத்தில் இருக்கட்டும். செப்டிக் டேங்க் குழாயில் எதிர்த்து வருவதைத் தடுக்கும் வால்வு ஒன்று போடுங்கள். வாடைக்காற்று மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிப்பதால், அந்தப் பக்கத்து ஸ்லைடிங் ஜன்னல்களின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வெளியேறும் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சன்ஷேடின் அடிவிளிம்பில் காடி (நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு) எடுத்திருந்தால் தண்ணீர் சுவருக்குத் திரும்பாமல் சொட்டி விழும்.

இப்போது பாலிசி.

2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி இருக்கிறது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த வாசகம், எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். தீ, இடி, நிலநடுக்கம் இவற்றோடு புயல், சூறாவளி, சுனாமி, வெள்ளம், தண்ணீர் சூழ்வது, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பது அல்லது நிரம்பி வழிவது எல்லாம் பட்டியலில் உண்டு. அந்தச் சேதத்தைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டும் சேரும். பூட்டிய வீட்டுக்கு அது பெரிய விஷயம். பட்டியலில் உள்ளதுக்கு மட்டும்தான் காசு. கசிவு, ஓதம், துரு எதுவும் பட்டியலில் இல்லை.

நம் கடற்கரைக்கு முக்கியமான வரி ஒன்று உண்டு. நிலம் இறங்குவதால், சரிவதால் ஏற்படும் சேதத்துக்குப் பாலிசி உண்டு. ஆனால் கடல் அரிப்பால் ஏற்பட்டது என்றால் கிடையாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது மாதிரி புயலோடு எழுந்து வந்தால் அது அடித்து வந்த கடல். வருடத்துக்கு ஓரடி என்று மணலைத் தின்றுகொண்டு வந்து உங்கள் காம்பவுண்டைச் சாய்த்தால் அதுவும் ஊறிய கணக்குதான். கடலை ஒட்டி மனை வாங்குகிறவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? மனையின் விலையைச் சேர்க்க வேண்டாம். இன்றைக்கு அதே வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. உதாரணத்துக்குச் சதுர அடிக்கு 2,200 ரூபாய், உள் அளவு 1,000 சதுர அடி என்றால் 22 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 4 லட்சத்து 40 ஆயிரம், தானாகவே சேரும். உச்சவரம்பு 10 லட்சம். நகைக்கு இது பொருந்தாது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இடிபாட்டை அள்ளும் செலவு, வீடு சரியாகும்வரை வேறு இடத்தில் இருக்க வாடகை ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. பத்து வருடம்வரை சேர்த்து எடுக்கலாம். இந்த அளவு வீட்டுக்குப் பிரீமியம் வருடத்துக்குச் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். 80 ஆயிரத்தோடு ஒப்பிடுகிற சமாச்சாரமே இல்லை. பின்கட்டில் ஓலைக் கொட்டகை இருந்தாலும், வருடத்தில் பத்து மாதம் ஆள் இல்லை என்றாலும் அதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள், ஏஜென்ட் வேண்டாம் என்றாலும் எழுதுங்கள். வீட்டுக் கடன் இருந்தால் வங்கி ஏற்கெனவே ஒன்று எடுத்திருக்கலாம். அது கடன் தொகைக்கு மட்டுமா, சாமான்களுக்கும் சேர்த்தா என்று அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள்.

சேதம் நடந்தால் என்ன செய்வது? முதலில் மெயின் ஸ்விட்ச். தண்ணீரில் நின்ற பைக்கையோ ஃபிரிட்ஜையோ ஸ்டார்ட் செய்து பார்க்கிற ஆசையை அடக்குங்கள். துடைப்பத்தை எடுப்பதற்கு முன் போனை எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் டேப்பை விரித்துப் பிடித்து ஒரு படம், நனைந்த ஒவ்வொரு சாமானுக்கும் அதன் மாடல் எண் தெரியும்படி ஒரு படம். கம்பெனிக்கு அன்றைக்கே தகவல். கம்பெனி அனுப்பும் சேத மதிப்பீட்டாளரான சர்வேயர் வரும்முன் எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். சேதம் பெருகாமல் தடுக்கத் தார்ப்பாய் கட்டுவது, தண்ணீரை இறைப்பது இவற்றைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வேயர் தேடுவது அடித்ததா, ஊறியதா என்பதைத்தான். சீலிங்கில் பழைய கறை வளையம் வளையமாக இருந்தால் புயல் சேதத்தையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. காற்றில் தொட்டி சாய்ந்து தளம் உடைந்தது நிஜம், பழைய ஒழுகலும் நிஜம்; எது எது என்று பிரித்துக் காட்ட அவர்களிடம் ஒரு படமும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், வருடாவருடம் புரட்டாசியில் சீலிங், சுவர், மாடி மூன்றையும் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பி வையுங்கள், தேதியோடு இருக்கும். பழுது பார்த்த ரசீதுகளும் அப்படியே. நியாயமான க்ளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் வரையிலான வழக்கைக் கட்டணம் இல்லாமல் கேட்பார்கள். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு நான் செய்யச் சொல்வது: இந்த வாரம் கணையை எடுத்துச் சீலிங்கைத் தட்டுங்கள். 'பொத்' இல்லையென்றால் அந்த 80 ஆயிரம் கொட்டேஷனைத் திரும்பப் படியுங்கள். அதில் வாட்டம், வாட்டா, குழாய் மூன்றும் எழுதியிருந்தால் பேரம் பேசலாம். வெறும் பூச்சின் பெயரும் லிட்டரும் மட்டும் இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பாலிசியை வேலை முடிந்த கையோடு எடுங்கள், புதுத் தளத்தின் படத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அப்புறம் வீட்டுச் சாவி ஒன்றையும் ஒரு ஏணியையும் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். முதல் மழை பெய்ததும் யாராவது மேலே ஏறி அந்தக் குழாய் வாயை ஒரு தடவை பார்க்கட்டும்.